நாய் மூச்சு வாங்குகிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா?

உங்கள் வீட்டு நாய் இப்போது வாசலிலோ அடுப்படி ஓரத்திலோ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எழுப்ப வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடிக்குள் அதன் விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

நலமாக இருக்கும் நாய் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 30 தடவை மூச்சு விடும். தூங்கும்போது 30-ஐத் தாண்டக்கூடாது. ஒருநாள் தாண்டினால் கனவு கண்டதாக இருக்கலாம். நாயும் கனவு காணும், கால்களை உதைக்கும். ஆனால் அடுத்தடுத்த நாள்களில் எண்ணும்போதும் 35, 40 என்று வந்தால், அந்த நாயின் நெஞ்சுக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், காசும் வேண்டாம். கால்நடை மருத்துவர்களே நாய் வளர்ப்பவர்களிடம் இந்த எண்ணிக்கையைத்தான் குறித்து வரச் சொல்கிறார்கள்.

நாய் பேசாது. வயிற்றுவலியை மறைக்கும், நொண்டிக்கொண்டே ஓடும். மூச்சை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அதனால் மூச்சைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். மூன்றாம் படிவத்தில் நீங்கள் படிக்கும் ‘ரெஸ்பிராசி’ பாடம் இங்கே அப்படியே கைகொடுக்கும்.

நாக்கைத் தொங்கவிடுவது ஏன்?

முதலில் பயப்படத் தேவையில்லாத மூச்சு. வெயிலில் ஓடிவந்த நாய் வாயைத் திறந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு, ‘ஹஹஹஹ’ என்று இரைக்கிறது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வேர்க்கும். ஆகவே, நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிரவைக்க வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் நாக்கில் ஓடும் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. குளிர்ந்த இரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது.

இப்படி இரைக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேலும் போகும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “நாங்கள் அப்படி மூச்சு விட்டால் தலை சுற்றுமே, டீச்சர். நாய்க்குச் சுற்றாதா?” அருமையான கேள்வி. நாம் வேக வேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும்; அதனால்தான் தலை சுற்றுகிறது. நாயின் இரைப்பு ஆழமற்றது. காற்றில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் போய்வருகிறதே தவிர, வாயுமாற்றம் நடக்கும் காற்றுப்பைகள் வரை இறங்குவதில்லை. 1970-இல் கினூட் ஷ்மித்-நீல்சன் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றையும் காட்டினார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து, வாய் வழியாக விடுகிறது. ஈரமான பரப்பின் மேல் காற்று ஒரே திசையில் ஓடினால் வெப்பம் கூடுதலாக வெளியேறும் அல்லவா?

அதற்கும் முன்பே, 1962-இல் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் இரைப்பின் வேகத்தை அளந்தார். விநாடிக்கு ஐந்து தடவைக்குச் சற்று மேல். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாகவே அதிரும் வேகமும் ஏறத்தாழ அதுதான். ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் இலேசாகத் தள்ளினாலே போதும். நாயும் அப்படித்தான் குறைந்த உழைப்பில் இரைக்கிறது. இல்லையென்றால், உடம்பைக் குளிரவைக்க முயன்றே உடம்பு இன்னும் சூடாகிவிடும்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எதிரி உண்டு: காற்றிலுள்ள ஈரம். மழை விட்டதும் வெயில் அடிக்கிற நெகிரி செம்பிலான் மதியத்தை நினைத்துப் பாருங்கள். செம்பனை மரங்களுக்கு அடியில் துணிகூடக் காயாது. நாயின் நாக்கு மட்டும் எப்படிக் காயும்? நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி. அது 41-ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. தகரக் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டிய நாயும், கதவு மூடிய காருக்குள் விட்ட நாயும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

நிழலுக்கு வந்து, தண்ணீர் குடித்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரைப்பு அடங்கினால் கவலை இல்லை. அடங்காவிட்டால் உற்றுப் பாருங்கள். கழுத்தை முன்னால் நீட்டி, முன்னங்கால் முட்டிகளை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறதா? படுக்க முயன்று முடியாமல் மறுபடி எழுகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே இழுக்கிறதா? மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நம் உள்ளுதட்டைப் போல இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. (சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) சத்தமும் ஒரு துப்புத் தரும். மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் மூக்கு, தொண்டைப் பக்கம். விடும்போது வந்தால் நெஞ்சுக்குள்ளே இருக்கும் சிறிய குழாய்களில்.

கொசு கொண்டுவரும் புழு

தோட்டத்து நாய் இருமினால் ‘சளி பிடித்திருக்கிறது’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சில சமயம் அது உண்மைதான். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் திடீரென்று தொடங்கி, பக்கத்து வீட்டு நாய்களுக்கும் தொற்றினால் அது பெரும்பாலும் தொற்று இருமல். ஓரிரு வாரத்தில் போய்விடும். மாதக்கணக்கில் தொடர்ந்து, நாய் இளைத்துக்கொண்டே போய், முன்பு லோரிக்குப் பின்னால் ஓடிய நாய் இப்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், இதயப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும்.

டைரோஃபிலேரியா இமிட்டிஸ் என்பது இந்தப் புழுவின் பெயர். மனிதருக்கு யானைக்கால் நோய் தரும் புழுவுக்கு உறவு. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். உங்கள் அளவுகோலின் நீளம். அது குடியிருக்கும் இடம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாய். இதயப்புழு என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நுரையீரல் புழு என்றே வைத்திருக்கலாம்.

கதை கொசுவில் தொடங்குகிறது. நோயுள்ள நாயின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுக்கள் மிதக்கும். கொசு அந்த இரத்தத்தோடு அவற்றையும் உறிஞ்சுகிறது. கொசுவின் உடம்புக்குள் அவை வளர்ந்து தொற்றும் நிலைக்கு வர வெப்பம் வேண்டும். ஏறக்குறைய 14 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். 27 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இந்த நோய்க்கு விடுமுறை. நமக்கு ஆண்டு முழுவதும் 27 டிகிரிதான்! அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது புழு தோலுக்குள் நுழைகிறது. அங்கிருந்து தசை வழியாகப் பயணம் செய்து நுரையீரல் குழாயை அடைந்து, குட்டி போடும் புழுவாக முதிர ஆறு ஏழு மாதம் ஆகும். பிறகு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை அங்கேயே வாழும்.

குழாய்க்குள் புழு கிடந்தால் என்ன ஆகும்? குழாயின் உட்சுவர் தடித்துச் சொரசொரப்பாகிறது, வழி குறுகுகிறது. இதயத்தின் வலது கீழறை, குறுகிய குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள முக்கி முக்கி வேலை செய்கிறது. முதலில் இருமல், பிறகு களைப்பு, பிறகு மயக்கம். கடைசியில் இதயம் தளர்ந்து, திரும்பிவரும் இரத்தம் தேங்கி, வயிற்றில் நீர் கோக்கிறது. வயிறு பெருத்திருப்பதைப் பார்த்து, ‘நன்றாகத்தானே சாப்பிடுகிறது’ என்று நினைத்துவிடுகிறவர்களும் உண்டு.

இதைத் தடுக்க மாதம் ஒரு மாத்திரை போதும். அவற்றுள் பழையது ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர்தான் இதன் மூலம். அதிலிருந்து மருந்து கண்ட வில்லியம் கேம்பலும் அவரும் 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தை, ‘எல்லாம் ஒரே மருந்துதானே’ என்று நாய்க்கும் கொடுப்பவர்கள் உண்டு. நாயின் மாதாந்தரத் தடுப்பு அளவு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம். 1 விழுக்காட்டு மாட்டு ஊசியில் ஒரு மில்லிலிட்டருக்குள் இருப்பது 10,000 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: 160 மடங்குக்கு மேல். கோலி இனத்தைச் சேர்ந்த பல நாய்களுக்கு இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும்; அவற்றுக்கு இது நஞ்சு. ஏற்கெனவே புழு உள்ள நாய்க்குப் பரிசோதனை செய்யாமல் தடுப்பு மருந்து கொடுப்பதும் ஆபத்தாக முடியலாம். எனவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை.

பயிருக்கும் நுரையீரலுக்கும் ஒரே நஞ்சு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாராகுவாட் என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் பாட்டி மருந்து தெளிக்கும் வேலைக்குப் போயிருந்தால் அவரிடம் கேளுங்கள். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, மரத்தடிக் களைகளுக்கு அடித்த மருந்துகளில் அதுவும் ஒன்று. தெளிப்பு வேலை செய்த பெண்களின் உடல்நலத்துக்காகத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் நீண்ட காலம் குரல் கொடுத்தன. மலேசியா 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. நடுவில் கழிந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தடை வந்தாலும், பழைய கொட்டகை மூலையில் பாதி மிச்சமுள்ள கலன் கிடந்தால் அது தானாகச் செத்துவிடாது. அதைக் கடிக்கும் நாய்க்கும், அதிலிருந்து சிந்திய குட்டையை நக்கும் நாய்க்கும் என்ன நடக்கிறது?

முதலில் களைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒளிச்சேர்க்கையின்போது இலைக்குள் எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகும். பாராகுவாட் நடுவில் புகுந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து, ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. எலெக்ட்ரான் கூடிய அந்த ஆக்சிஜன் வெறிகொண்டதாகி, பக்கத்தில் உள்ள செல்சுவ்வையெல்லாம் தாக்குகிறது. பாராகுவாட்டோ செலவாகாமல் பழைய உருவத்துக்குத் திரும்பி, அடுத்த எலெக்ட்ரானைப் பறிக்கப் போகிறது. இதனால்தான் வெயில் நாளில் அடித்தால் புல் அன்றைக்கே வாடுகிறது.

நுரையீரலில் ஒளிச்சேர்க்கை இல்லை. ஆனால் எலெக்ட்ரான் தரும் நொதிகள் இருக்கின்றன, ஆக்சிஜனும் தாராளமாக இருக்கிறது. போதாததற்கு, காற்றுப்பையின் சுவரிலுள்ள சில செல்கள் பாலிஅமைன் என்ற பொருள்களை உள்ளே இழுக்க ஒரு தனி வாசல் வைத்திருக்கின்றன. பாராகுவாட் மூலக்கூறு தோற்றத்தில் அவற்றைப் போலவே இருப்பதால், வாசல் ஏமாந்து அதை உள்ளே விடுகிறது. விழுங்கிய நஞ்சு வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போய், இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுரையீரலில் சேர்வதன் காரணம் இதுதான். மனிதருக்கும் நாய்க்கும் இதில் வேறுபாடு இல்லை.

நாய் முதல் நாள் வாந்தி எடுக்கும். வாயும் நாக்கும் புண்ணாகும். ஓரிரு நாளில் தேறிவிட்டது போலத் தோன்றலாம். அதன்பின் மூச்சு வேகமெடுக்கும். காற்றுப்பைகள் புண்பட்டு, அந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. தழும்பு விரியாது, ஆக்சிஜனையும் விடாது. கொடுமை என்னவென்றால், மூச்சுத் திணறும் எந்த நோயாளிக்கும் முதலில் கொடுக்கும் ஆக்சிஜனே இங்கே எரிகிற நெருப்புக்கு எண்ணெய். அதனால் மருத்துவர்கள் அதைத் தயங்கித் தயங்கியே கொடுப்பார்கள். மாற்று மருந்து கிடையாது. விழுங்கிய உடனே வந்தால் கரிப்பொடியோ ஒருவகைக் களிமண்ணோ கொடுத்துக் குடலில் எஞ்சியுள்ளதைப் பிடித்துவைக்க முயல்வார்கள். களிமண் துகளுக்கு எதிர்மின்னூட்டம், பாராகுவாட்டுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் விழுந்த பாராகுவாட் வேருக்குப் போகாததும் இதே காரணத்தால்தான்.

ஆகவே, நாய் வாந்தி எடுத்த அன்றே கொண்டுபோவதில்தான் எல்லாம் இருக்கிறது. கலனைக் கண்டால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதன் மேலுள்ள பெயரைப் படம் எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

புக்கிட் பெலாண்டோக்கில் நடந்தது

மூச்சுக் கோளாறு என்றதும் நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிறகு அது சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமாட்டிலும், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கிலும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதி, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசுவென்றால் அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கடித்திருக்கும். இங்கேயோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்களே விழுந்தார்கள். பன்றிகளும் உரத்து இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்று அதற்குப் பெயர் வந்தது. அங்கே முதலில் குரல் கொடுத்ததும் மூச்சுதான்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நோயாளி வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இதில் நாய்களுக்கு என்ன பங்கு? பண்ணைகளில் இருந்த நாய்களுக்கும் நிப்பா தொற்றியது. இறந்த நாயை அறுத்துப் பார்த்தபோது, நாய்களுக்கு வழக்கமாக வரும் டிஸ்டெம்பர் நோயைப் போலவே இருந்தது. வியப்பில்லை, இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பம். டிஸ்டெம்பரிலும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், பின்னர் வலிப்பு என்று வரும். ஆனால் அதற்குத் தடுப்பூசி உண்டு. பன்றிகள் அகற்றப்பட்ட பின் அந்த வட்டாரத்து நாய்களைச் சோதித்தார்கள். நாயிலிருந்து நாய்க்கு நிப்பா தானாகப் பரவிக்கொண்டே போனதாகச் சான்று கிடைக்கவில்லை. நாயும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்ட ஒன்றுதான். வைரஸின் உண்மையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்று பிறகு தெரிந்தது. 1999-க்குப் பின் மலேசியாவில் அது திரும்ப வரவில்லை. கேரளத்தில் 2018-இல் தலைகாட்டியது.

மூக்கு சப்பையானால்

பட்டணத்திலிருந்து தோட்டத்துக்குள் வரும் ஷீ சூ, பக் போன்ற நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர் அழகுக்காக இவற்றின் மூக்கைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிவிட்டார்கள். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத்துளை குறுகல், மென்மையான மேலண்ணம் நீண்டு தொண்டையை மறைக்கிறது. குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. அந்த நாய் குறட்டை விடுவதைக் காணொளியில் பார்த்துச் சிரிக்கிறோம். அதற்கு அது மூச்சுக்கான போராட்டம். வெயில் நேரத்தில் இவற்றை ஓடவிடாதீர்கள். எடை கூடவும் விடாதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால், உங்களுக்குத் திடல் விளையாட்டை நிறுத்துவது போல எல்லா நாய்களுக்கும் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

திணறும் நாய்க்கு நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதைச் சரியாகச் செய்யுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றுங்கள். கடிக்குமோ என்று வாயைக் கட்டாதீர்கள். வாய் கட்டிய நாயால் இரைக்க முடியாது. வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். அது நாயின் ஈரலைக் கெடுப்பதோடு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலையும் கெடுக்கும். வெயிலில் விழுந்த நாயென்றால் நிழலில் வைத்து, குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். மல்லாத்திப் படுக்கவைக்காமல், அது விரும்பும் நிலையிலேயே வண்டியில் ஏற்றுங்கள்.

மருந்தகக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் மருத்துவர் கேட்கப்போவது இவைதான்: எப்போது தொடங்கியது, இருமல் இரவிலா ஓடிய பின்னா, என்ன தின்றது, அருகில் மருந்து அடித்தார்களா, தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல, இன்று எண்ணிய எண்ணைத் தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை எண்ணினால் போதும்.